எம்ஜிபி ரோட்ஸ்டர்: இன்ஜின் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது, கியர் பாக்ஸ் சட்டத்தின் ஓட்டைகள் சேரவில்லை

சிவப்புரோட்ஸ்டர்:

வணக்கம் நண்பர்களே. 1970 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை முழுக்கப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். 1798 சிசி இன்ஜின், நாலு கியருக்கும் சின்க்ரோ (வேகத்தைச் சமமாக்கிப் பற்சக்கரங்களை உரசாமல் சேர்க்கும் அமைப்பு) உள்ள கியர் பாக்ஸ். இரண்டையும் தனித்தனியாக வேலை முடித்து, வெளியிலேயே ஒன்றாகப் பூட்டி, செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கியாயிற்று. முன்பக்க மவுன்டிங் இரண்டும் உட்கார்ந்துவிட்டன. பின்னால் கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்தான் சிக்கல். இடது பக்க போல்ட் இரண்டும் கையாலேயே ஏறுகின்றன, வலது பக்கத்து ஓட்டைகள் கிட்டத்தட்ட அரை ஓட்டை தள்ளி நிற்கின்றன. கடப்பாரையால் நெம்பித்தான் போல்ட்டை ஏற்ற முடிந்தது. மேலிருந்து பார்த்தால் ஃபேனும் ரேடியேட்டருக்கு நடுவில் இல்லை, ஒரு விரல் அகலம் ஒதுங்கி நிற்கிறது.

அந்த நிலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். 85, 95 கிலோமீட்டர் வேகத்துக்கு இடையில் சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு வருகிறது, அதைத் தாண்டினால் குறைகிறது. நின்ற நிலையில் முதல் கியர் போடும்போது கர்ரென்று ஒரு உரசலும் உண்டு. சட்டத்தின் ஓட்டையை அரத்தால் ராவி நீளமாக்கிவிடு என்று சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

ஸ்பேனர்13:

அரத்தைக் கீழே வையுங்கள் நண்பா. அந்த ஓட்டைகள் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தவைதானே. இப்போது சேரவில்லை என்றால் வேறு ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது. ஓட்டையைப் பெரிதாக்கினால் போல்ட் ஏறிவிடும், இடம் மாறிய பொருள் அப்படியேதான் இருக்கும்.

முதலில் சைலன்சர் பைப்பை, இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டிலிருந்து கழற்றிவிடுங்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. பைப்பைப் பின்னால் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகு அது இன்ஜினையே ஒரு பக்கமாகப் பிடித்து இழுக்கும், ரப்பரில் உட்கார்ந்திருக்கிற இன்ஜின் என்ன செய்யும், போய்விடும். அப்புறம் முன் மவுன்டிங், கியர் பாக்ஸ் ரப்பர், குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம், நட்டு விழாமல் நின்றால் போதும். கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து இன்ஜினைக் கையால் நன்றாக ஆட்டி உலுக்கிவிடுங்கள். தானாக எங்கே வந்து நிற்கிறதோ அதைப் பார்த்துவிட்டு, எல்லா போல்ட்டையும் ஏற்றி முடித்த பிறகுதான் முதல் போல்ட்டையே இறுக்க வேண்டும். முன்பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டுப் பின்னால் போனால் இந்த வண்டியில் சட்டம் சேரவே சேராது.

நேர்கோடு:

ஸ்பேனர்13 சொன்னதுதான் முதல் வேலை. ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைக்கும் ஒரே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒன்றுக்கொன்று நேராக இருப்பது ஒரு விஷயம், அவை இரண்டும் சேர்ந்து பாடியில் நேராக உட்காருவது இன்னொன்று, கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் வரை போகும் கோடு மூன்றாவது. ஒவ்வொன்றும் வேறு மாதிரிதான் தன்னைக் காட்டும்.

கர்ரென்ற சத்தத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கியர் பாக்ஸில் முதல் கியருக்கும் சின்க்ரோ உண்டு, அதனால் நின்ற வண்டியில் அது உரசக்கூடாது. உரசுகிறது என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது, அதை வைத்தே சோதிக்கலாம். கிளட்சை மிதித்துப் பிடித்து நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள், அப்போதும் உரசினால் ஃபர்ஸ்ட் மோஷன் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு) இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக அடித்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சத்தம் போய்விட்டால் ஹைட்ராலிக்கில் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் பலவீனம். போகவில்லை என்றால்தான் உள்ளே சந்தேகப்பட வேண்டும். பூட்டும்போது கியர் பாக்ஸின் எடை ஷாஃப்ட்டின் மேல் தொங்கினால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். கிராங்க் முனையில் அந்த ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் புஷ் இறுக்கமாக இருந்தாலும் இதே அறிகுறிதான். இன்னொன்று, இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் வரும் பின்தகட்டைப் பவுடர் கோட்டிங் செய்திருந்தீர்களா? சேரும் முகத்தில் அந்தப் பூச்சு இருந்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அது 0.1 மி.மீ. வரைகூடத் தடிமனாக இருக்கும், எல்லா இடத்திலும் ஒரே தடிமனாகவும் இருக்காது. எம்ஜிபியில் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கும் கியர் பாக்ஸ் உடம்பும் ஒரே வார்ப்பு, ஹவுசிங்கை மட்டும் தனியாக மாட்டி டயல் கேஜ் வைத்துப் பார்க்க வழியில்லை. அதனால் டோவலும் (இடம் பிசகாமல் நிறுத்தும் முளை) சேரும் முகமும் சுத்தமாக இருப்பதுதான் எல்லாம்.

இனி அதிர்வு. உங்கள் வண்டியில் நாலாவது கியர் ஒன்றுக்கு ஒன்று, 90 கிலோமீட்டரில் இன்ஜின் ஏறக்குறைய 3100 ஆர்பிஎம் சுற்றும், டிஃபரன்ஷியலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் அதே வேகம்தான். அதே 90-ல் மூன்றாவது கியருக்கு மாற்றுங்கள். இன்ஜின் 4300 பக்கம் போய்விடும், ஷாஃப்ட் வேகம் மாறாது. அதிர்வு அப்படியே இருந்தால் ஷாஃப்ட்டோ சக்கரமோ காரணம். போய்விட்டால் இன்ஜின், ஃப்ளைவீல், கிளட்ச் பக்கம் தேட வேண்டும். டிஃபரன்ஷியல் விகிதம் 3.909, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட நாலு சுற்று. சக்கரத்தின் ஆட்டம் மெதுவாக, அநேகமாக ஸ்டியரிங்கில் தெரியும். ஷாஃப்ட்டின் ஆட்டம் சீட்டுக்கு அடியில் ரீங்காரம் போல வரும்.

ஷாஃப்ட்டின் முனையில் வளைந்துகொடுக்கும் யூ-ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். பின்னால் இருக்கும் ஜாயின்ட் அதைச் சரிக்கட்டுகிறது, ஆனால் இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள நுகங்கள் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே வாக்கில் இருக்க வேண்டும். வண்டி சக்கரத்தில் நிற்கட்டும், ஸ்டாண்டில் வேண்டாம், லீஃப் ஸ்பிரிங் தொங்கினால் பினியன் (டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் வந்து சேரும் பற்சக்கரம்) கோணமே மாறிவிடும். கியர் பாக்ஸ் பின்முகத்திலும் பினியன் முகத்திலும் கோணமானி வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் விடமாட்டேன்.

மரச்சுத்தியல்:

பாடி நேராக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள் சார். இது கூரையில்லாத வண்டி, பாரத்தைச் சுமப்பதே கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற அடிப்பகுதிதான். கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்காமல் சில் மாற்றியிருந்தால் பாடி முறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு தூக்குக்குண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடிச்சட்டத்தில் இருபக்கமும் ஜோடியாக உள்ள ஓட்டைகளிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, குண்டின் நுனி நிற்கும் இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வையுங்கள். அப்புறம் வண்டியைத் தள்ளிவிட்டுப் புள்ளிகளை மூலைக்கு மூலை அளந்தால் தெரிந்துவிடும். கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்பதையும் பாருங்கள்.

சிவப்புரோட்ஸ்டர்:

எல்லோருக்கும் நன்றி. மரச்சுத்தியல் சார், மூலைக்கு மூலை அளந்ததில் 2 மி.மீ. வித்தியாசம்தான், கதவு இடைவெளியும் சீராக இருக்கிறது, பாடி மேல் சந்தேகம் இல்லை.

சைலன்சரைக் கழற்றியதும் பைப் ஃபிளாஞ்ச் துள்ளி ஒரு பக்கம் போய் நின்றது, அது இழுத்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் தளர்த்திய பிறகும் இன்ஜின் முழுசாக நடுவுக்கு வரவில்லை. அதனால் முன் மவுன்டிங் ரப்பரைக் கழற்றி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே பெட்டியில் வந்த புது ஜோடி, ஒன்று மற்றதைவிட 4 மி.மீ. உயரம்! அதில் ரப்பரோடு ஒட்டியிருக்கும் தகடும் சாய்வாக ஒட்டியிருக்கிறது, இன்னொன்றில் நேராக இருக்கிறது. பழைய ரப்பர்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தேன், அவை இரண்டும் ஒரே உயரம். வேறு ஜோடி வாங்கி, கடையிலேயே கேலிப்பர் வைத்து அளந்து எடுத்து வந்து மாட்டினேன். வலது பக்க போல்ட்கள் நெம்பாமல் ஏறிவிட்டன, ஃபேனும் நடுவுக்கு வந்துவிட்டது.

பெடலை அடித்துவிட்டு ரிவர்ஸ் போட்டால் சத்தமே இல்லை. ஆகவே காற்றோ சிலிண்டரோதான், கியர் பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியதில்லை. அதிர்வு மட்டும் மூன்றாவது கியரிலும் அதே வேகத்தில் அப்படியே வந்தது. கோணம் இரண்டும் அரை டிகிரிக்குள் இருக்கின்றன. ஷாஃப்ட்டை இறக்கி, அதன் இரண்டு பாகமும் செருகிச் சேரும் சறுக்கு இணைப்பின் மேல் இருந்த பெயின்ட்டைத் துடைத்துப் பார்த்தால், நுகங்களை ஒரே வாக்கில் வைக்கக் குறித்திருக்கும் அம்புக்குறிகள் எதிரெதிரே இல்லை. யூ-ஜாயின்ட் மாற்றக் கொடுத்த பட்டறையில் பிரித்துத் திரும்பச் செருகியிருக்கிறார்கள். இப்போது சேர்த்துவிட்டேன், மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நேர்கோடு:

அருமை, அம்புக்குறி சேர்ந்துவிட்டால் பெரும்பாலான அதிர்வு போய்விடும். கொஞ்சம் மிச்சமிருந்தால் பின்பக்க ஃபிளாஞ்ச் போல்ட் நாலையும் கழற்றி ஷாஃப்ட்டை 180 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள், சில சமயம் இரண்டு சிறு ஆட்டங்களும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் பேலன்ஸிங்குக்குக் கொடுங்கள்.

ஸ்பேனர்13:

சைலன்சரைத் திரும்ப மாட்டும்போது மேனிஃபோல்ட் பக்கம் முதலில், பின்பக்கக் கிளாம்ப் கடைசியில். இன்ஜின் இடம் மாறியிருப்பதால் கிளட்ச் ஹோஸ், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் இழுபடாமல் இருக்கின்றனவா என்று ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி நீங்கள் மேலிருந்து பாருங்கள், ஆக்ஸிலரேட்டரைத் தட்டும்போது இன்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று தெரியும். எர்த் பட்டையை மறந்துவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் கரன்ட் சோக் கேபிள் வழியாகப் போய் அதைப் பொசுக்கிவிடும். நாலைந்து முறை சூடாகி ஆறிய பிறகு மவுன்டிங் போல்ட்களை இன்னொரு முறை இறுக்குங்கள், புது ரப்பர் கொஞ்சம் அமுங்கும்.