ராக்கிக்குப் பச்சைக் கறி

குழு: நம்ம தெரு, பழைய வண்ணாரப்பேட்டை
சனிக்கிழமை இரவு

பாபு: சலீம் பாய், நாளையிலிருந்து தினமும் ஒரு ஆர்டர். கோழிக் கழுத்து, கொஞ்சம் ஆட்டு ஈரல், கொஞ்சம் நுரையீரல், எல்லாம் சேர்த்து 700 கிராம். ராக்கிக்குத்தான். பாக்கெட் தீனியை நிறுத்திவிட்டேன். இனிமேல் பச்சைக் கறி மட்டும்.

ரேவதி அக்கா: பச்சையாகவா தம்பி? வேகவைக்கவே மாட்டாயா?

பாபு: வேகவைத்தால் சத்து போய்விடும் அக்கா. ஒரு கணக்கு இருக்கிறது. நாயின் எடையில் 2 முதல் 3 சதவீதம். அதில் 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 10 பங்கு ஈரல் மாதிரி உள்ளுறுப்பு. ராக்கி 28 கிலோ. ஆஸ்திரேலியாவில் ஒரு கால்நடை டாக்டர் 1993லேயே இதைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டார். நாய் ஓநாய் வம்சம். ஓநாய் குக்கர் வைத்தா சாப்பிடுகிறது?

முருகன் மாமா: ஓநாய்க்கு யாரும் ஏசி ரூமில் மெத்தை போடுவதும் இல்லை. உன் ராக்கி மழை பெய்தால் ஒன்றுக்குப் போகவே குடை கேட்கிறது.

ரேவதி அக்கா: 😂😂

ஜெனிஃபர்: பாபு சொல்வதில் பாதி உண்மை. எங்கள் ஜிம்மிக்கு வாரத்தில் ரெண்டு நாள் பச்சை எலும்பு கொடுக்கிறேன். பல்லில் காரை இல்லை, வாய் நாற்றம் இல்லை. கறி சாப்பிட்டால் மலமும் குறைவாக, கெட்டியாகப் போகிறது. அள்ளுகிற எனக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தனலட்சுமி அம்மா: நான் எங்கள் வாசல் நாய்க்கு மிச்சமான பிரியாணிதான் போடுகிறேன். எலும்போடு. நன்றாகத்தான் இருக்கிறது.

யமுனா: அம்மா, பிரியாணி எலும்பை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். வெந்த எலும்பு சில்லு சில்லாக உடையும், குடலைக் குத்தும். அந்த விஷயத்தில் பச்சை எலும்பே மேல். பிரியாணியில் இருக்கிற வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வெந்தாலும் அந்த விஷம் போகாது.

தனலட்சுமி அம்மா: ஐயையோ. இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே.

முருகன் மாமா: வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற பெண்ணைத் தெருவில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தால் யார் தப்பு? என் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை.

யமுனா: அப்பா 🙏

பாபு: டாக்டரம்மா, ஓநாய் பாயிண்டுக்கு வாங்க.

யமுனா: வருகிறேன் அண்ணா. ஓநாயிலிருந்து வந்ததுதான். ஆனால் மனிதனோடு சேர்ந்து சோறும் ரொட்டியும் தின்று நாயின் உடம்பு மாறிவிட்டது. 2013ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. மாவுச்சத்தைச் செரிக்கிற அமிலேஸ் மரபணு ஓநாய்க்கு ரெண்டு பிரதிதான், நாய்க்குப் பல மடங்கு. ராக்கி சோறு தின்னப் பிறந்தவன்தான். ஓநாயைக் காட்டிப் பச்சைக் கறிக்கு வாதாட முடியாது.

பாபு: சரி, சோறு செரிக்கும். அதற்காகக் கறி செரிக்காது என்று ஆகிவிடுமா?

யமுனா: அருமையாகச் செரிக்கும். என் கவலை ராக்கியின் வயிற்றைப் பற்றியே இல்லை.

ரேவதி அக்கா: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். மெட்ரோ வாட்டர் லாரி நாளை காலை வருமா வராதா?

முருகன் மாமா: ஆறு மணிக்கு என்றார்கள். குடத்தை இப்போதே வரிசையில் வைக்காதீர்கள், போன முறை நடந்த சண்டை போதும்.

சலீம் பாய்: பாபு, இப்போதுதான் கடை கழுவிவிட்டு வந்தேன். எல்லாம் படித்தேன். நீ கேட்டதில் எனக்கு வியாபாரம்தான், தினமும் 700 கிராம் யார் விடுவார்கள்? ஆனால் நுரையீரலும் ஈரலும் பச்சையாக நாய்க்கு என்று கேட்டால் நான் தரமாட்டேன். காரணம் சொல்கிறேன். புளியந்தோப்பு ஆடுதொட்டியில் ஆட்டை அறுத்ததும் டாக்டர் பார்த்துத்தான் முத்திரை வைப்பார். சில ஆட்டில் ஈரலிலும் நுரையீரலிலும் வெள்ளையாக, தண்ணீர் நிரம்பிய பை மாதிரி இருக்கும். கோலிக்குண்டு அளவிலும் பார்த்திருக்கிறேன், எலுமிச்சை அளவிலும் பார்த்திருக்கிறேன். அதை ஒதுக்கிவிடுவார்கள். எங்கள் வாப்பா காலத்திலிருந்தே சொல்வது, அந்தப் பையை நாய் வாயில் படவிடாதே என்று. ஏன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தொட்டிக்கு வராமல் ரோட்டோரமாக அறுக்கிற ஆட்டை யார் பார்க்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை எத்தனை இடத்தில் அறுக்கிறார்கள் என்று உனக்கே தெரியும்.

யமுனா: பாய், உங்கள் வாப்பாவுக்கு ஒரு சலாம். அதற்குப் பெயர் ஹைடாடிட் கட்டி. அந்தப் பைக்குள் நாடாப்புழுவின் குஞ்சுத் தலைகள் இருக்கும். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் குடலில் சில மில்லிமீட்டர் நீளத்துக்குப் புழு வளரும். நாய்க்கு ஒன்றும் ஆகாது, துள்ளிக்கொண்டுதான் இருக்கும். முட்டை மட்டும் மலத்தில் வெளியே வரும். மண்ணில், நாயின் முடியில் ஒட்டும். தடவிய கையைக் கழுவாமல் நாம் சாப்பிட்டால் அதே நீர்க்கட்டி நம் ஈரலிலும் நுரையீரலிலும் வரும். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும், பல பேருக்கு ஆபரேஷன் வரை போகும். இந்தியாவில் இருக்கிற நோய்தான். நன்றாக வேகவைத்தால் கதை முடிந்தது.

தனலட்சுமி அம்மா: பாபு, உன் ராக்கி படுப்பது மொட்டை மாடியில். என் பேரன் தவழ்வதும் அங்கேதான். எங்கள் வீட்டுக்காரர் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். கொஞ்சம் யோசி அப்பா.

பாபு: அம்மா, நுரையீரல் வேண்டாம், விட்டேன். கோழிக் கழுத்தில் அந்தப் பை கிடையாதே?

யமுனா: அது கிடையாது. ஆனால் கோழியில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் என்கிற பாக்டீரியா இருக்கலாம். 2018ல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். திடீரென்று பின்னங்கால் விழுந்து பிறகு நாலு காலும் தளர்ந்துபோகிற ஒரு வாதம் நாய்க்கு வருகிறது. அது வந்த நாய்களில் கேம்பைலோபாக்டர் இருக்கிற வாய்ப்பு, வராத நாய்களைவிட 9 மடங்குக்கு மேல். பச்சைக் கோழி, முக்கியமாகக் கழுத்து, அதோடு தொடர்பு இருப்பதாகச் சொன்னார்கள். பெரும்பாலும் மெல்ல எழுந்துவிடும், ஆனால் மாதக்கணக்கில் தூக்கிச் சுமக்க வேண்டும். 28 கிலோ அண்ணா.

பாபு: எங்கள் வீட்டில் லிஃப்ட் இல்லை 😐

ஜெனிஃபர்: தரமான கடையில், பேக் பண்ணி ஃப்ரீசரில் வைத்து விற்கிற பச்சை உணவு வந்திருக்கிறதே யமுனா, அது பரவாயில்லையா?

யமுனா: ஃப்ரீசரில் பாக்டீரியா சாகாது அக்கா, தூங்கும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010 முதல் 2012 வரை கடைப் பச்சை உணவைப் பரிசோதித்தது. 196 மாதிரிகளில் 15ல் சால்மொனெல்லா, 32ல் லிஸ்டீரியா என்கிற இன்னொரு பாக்டீரியா. நம் ஊர் மே மாதத்தில் தட்டில் வைத்த கறி ஒரு மணி நேரம் கிடந்தாலே பெருக ஆரம்பித்துவிடும். ராக்கி வேறு அரை மணி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவான்.

சலீம் பாய்: கறியைக் குழாயடியில் வைத்துக் கழுவுகிறவர்களுக்கும் சொல்லம்மா. தண்ணீர் தெறித்தால் கிருமியும் சேர்ந்து தெறிக்கும்.

முருகன் மாமா: அப்படியென்றால் மீன்? காசிமேட்டில் விடிகாலை ஏலம் முடிந்ததும் நெத்திலி மலிவாகக் கிடைக்கும்.

யமுனா: நெத்திலி மாதிரி சில மீனில் பி1 வைட்டமினை அழிக்கிற பொருள் இருக்கிறது, தினமும் பச்சையாகப் போட்டால் நரம்பு பாதிக்கும். வேகவைத்தால் சரி. வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீனை மட்டும் நாய் கவ்வவிடக் கூடாது, அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரேவதி அக்கா: யார் என்ன நீக்கினீர்கள்?

பாபு: நான்தான். கோபத்தில் ஒன்று போட்டேன், விடுங்கள். கேட்க வந்தது இதுதான். வேகவைத்துப் போடுகிறேன் என்றால் வெறும் கறியும் சோறும் போதுமா?

யமுனா: போதாது. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. குட்டியாக இருந்தால் எலும்பே வளைந்துவிடும். ராக்கி வளர்ந்தவன் என்றாலும் அரைக் கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டி முட்டை ஓட்டுப் பொடி, நைஸாக அரைத்தது. ஈரல் கொஞ்சமாக, அளவு மீறினால் வைட்டமின் ஏ கூடி அதுவும் கெடுதல். கூடவே பரங்கிக்காய், கேரட். உப்பு, வெங்காயம் வேண்டாம். முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்றால் ஒரு தடவை கல்லூரி ஓபிக்குக் கூட்டி வாருங்கள், எடைக்கு ஏற்ற அளவை எழுதித் தருவார்கள். இல்லை, பாதிக்குப் பாதி பழைய பாக்கெட் தீனியையே கலந்துவிட்டால் தலைவலி குறைவு.

ஜெனிஃபர்: நான் எலும்பை நிறுத்தப் போவதில்லை, சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் குழந்தையும் இல்லை, நோயாளியும் இல்லை.

யமுனா: அது உங்கள் முடிவு அக்கா. நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதியாத அளவு கெட்டியான எலும்பு வேண்டாம், பல் விண்டுவிடும். கொடுத்துவிட்டு உள்ளே போகாதீர்கள், கூடவே நில்லுங்கள். பூச்சி மருந்தில் நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெல் இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள்.

தனலட்சுமி அம்மா: பாபு, மாடியில் ராக்கி இருக்கிற மூலையை மட்டும் தினமும் கழுவிவிடு. நான் வேறொன்றும் கேட்கவில்லை.

பாபு: சரிம்மா, காலையிலேயே பினாயில் போட்டுக் கழுவுகிறேன். பாய், கழுத்தும் நுரையீரலும் கேன்சல். எலும்பில்லாத கோழி அரைக் கிலோ, ஈரல் ஐம்பது கிராம். குக்கர் அம்மாவிடம் கடன் கேட்டிருக்கிறேன், திட்டு வாங்கியாகிவிட்டது.

சலீம் பாய்: நாளை ஞாயிறு, கூட்டம் தாங்காது. பதினோரு மணிக்கு மேல் வா, தனியாக எடுத்து வைக்கிறேன். பாத்திரம் நீயே கொண்டு வா, கவர் கிடையாது.