திருத்தலா, திரிபா? கம்யூனிசப் போக்குகளுக்கு நடுநிலைப் பெயர்கள்

அன்புடையீர்,

கம்யூனிசத்துக்குள் எழுந்த போக்குகளுக்கு நடுநிலையான தமிழ்ப் பெயர்களைத் தேடும் நம் உரையாடலில், ‘ரிவிஷனிசம்’ (மார்க்சின் கொள்கையை மாற்றியமைக்க முனையும் போக்கு) என்பதற்குத் திருத்தல்வாதம், திரிபுவாதம் என்ற இரண்டும் வழக்கில் இருப்பதால் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் போதும் என்ற முன்மொழிவை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. திருத்துவது என்றால் பிழையை நீக்கிச் செம்மையாக்குவது. ஆசிரியர் விடைத்தாளைத் திருத்துகிறார், உழவர் கரம்பைத் திருத்தி வயலாக்குகிறார். திரிவதோ கெடுவது, பால் திரிந்தால் கொட்டிவிடுகிறோம். (புணர்ச்சி விதியில் திரிதல் வேறு, கெடுதல் வேறு என்று இலக்கணம் கற்றவர்கள் மறுக்கலாம், ஆனால் யாரும் நன்னூலை நினைத்துக்கொண்டு அரசியல் கட்டுரை படிப்பதில்லை.) ஆகவே 1890களின் பிற்பகுதியில் மார்க்சின் முடிவுகளைக் கேள்விக்குட்படுத்திய ஜெர்மானிய சோசலிஸ்ட் எட்வர்ட் பெர்ன்ஸ்டைனைத் திருத்தல்வாதி என்றால் அவர் பக்கமும், திரிபுவாதி என்றால் அவரை எதிர்த்து எழுதிய ரோசா லுக்சம்பர்க் பக்கமும் நாம் சாய்ந்துவிடுகிறோம். பெர்ன்ஸ்டைனுக்கு ‘மறுஆய்வுப் போக்கு’ என்பதே பொருந்தும் என நினைக்கிறேன். 1960களில் சீனக் கட்சி சோவியத் தலைவர் குருஷேவ் மீது அதே சொல்லை வீசியபோது அது வசையாகவே ஆகிவிட்டதால், அங்கே ‘திரிபுவாதம் என்று சாடியது’ எனச் சாடியவரின் வாயிலேயே அதை விட்டுவிட வேண்டும்.

இப்பிரிவுகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகச் சொல்லப்பட்ட ‘கிளை’யும் எனக்கு உடன்பாடில்லை. கிளை என்றவுடன் அடிமரம் எது என்ற கேள்வி எழுகிறது. ஒவ்வொரு தரப்பும் தன்னையே அடிமரம் என்றுதான் சொல்கிறது. ‘போக்கு’ நல்ல சொல், இடதுசாரிகளே புழங்குவதும்கூட.

ஒவ்வொருவரையும் அவரவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயராலேயே அழைக்கலாம் என்ற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிராட்ஸ்கியின் ஆதரவாளர்கள் தங்களை போல்ஷெவிக்-லெனினிஸ்டுகள் என்றார்கள், ஸ்டாலினின் ஆதரவாளர்கள் தங்களை மார்க்சிய-லெனினியர் என்றார்கள். இரு சாராரும் லெனினுக்கே உரிமை கோரும்போது படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. இலங்கை வரலாற்றிலிருந்து ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன்: ‘1940-இல் லங்கா சமசமாஜக் கட்சியிலிருந்து ஸ்டாலினியர் வெளியேற்றப்பட்டனர்.’ இது வெளியேற்றியவர்களின், அதாவது டிராட்ஸ்கியின் பக்கம் நின்றவர்களின் குரல். பிறகு இப்படி மாற்றினேன்: ‘மூன்றாம் அகிலத்தின் (மாஸ்கோ தலைமையிலான உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு) மீது நம்பிக்கையில்லை என்று 1939 இறுதியில் கட்சி நிறைவேற்றிய தீர்மானத்தை ஏற்காத எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலானோர் வெளியேற்றப்பட்டு, 1943-இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தனர்.’ வாக்கியம் நீண்டுவிட்டது, ஆனால் இரு தரப்பும் மறுக்க முடியாதது. எனவே 1919-இல் தொடங்கிய மூன்றாம் அகிலத்தையும் 1938-இல் டிராட்ஸ்கியின் ஆதரவாளர்கள் தொடங்கிய நான்காம் அகிலத்தையும் அடையாளமாகக் கொண்டு, ‘மூன்றாம் அகிலப் போக்கு’, ‘நான்காம் அகிலப் போக்கு’ என வழங்கலாம் என்பது என் பரிந்துரை.

1964-இல் இந்தியக் கட்சி பிளந்தபின் தமிழ்நாட்டில் வழங்கிய ‘வலது கம்யூனிஸ்ட்’, ‘இடது கம்யூனிஸ்ட்’ ஆகியவை பேச்சுக்கு வசதியானவைதான். ஆனால் எந்தக் கட்சியும் தன்னை வலது என்று ஒப்புக்கொள்வதில்லை, 1967-இல் நக்சல்பாரி எழுச்சிக்குப் பிறகு அன்றைய இடதுக்கும் இடப்புறத்தில் ஒருவர் வந்து நின்றுவிட்டார். இலங்கையில் அதே 1964-இல் நா. சண்முகதாசன் தலைமையில் பிரிந்தவர்களுக்கு வழங்கிய ‘பீக்கிங் சார்பு’ என்பதும், மற்றவர்களுக்கு வழங்கிய ‘மாஸ்கோ சார்பு’ என்பதும் ஊர்ப்பெயரால் அமைந்ததில் தவறில்லை. வைணவத்தில் கடும் வழக்குகள் நடத்திய இரு தரப்பாருக்கும் திசையால் வடகலை, தென்கலை என்று பெயர் அமைந்து, ஒன்றில்கூட இழிவு ஒட்டவில்லை. ஆனால் ‘சார்பு’ என்ற சொல்லில் பிறருக்குக் கட்டுப்பட்டவர் என்ற குறிப்பு இருக்கிறது. ‘பீக்கிங் அணி’, ‘மாஸ்கோ அணி’ என்றால் அது நீங்கிவிடும்.

ரஷ்ய சமூக ஜனநாயகக் கட்சி பிளந்தபோது உருவான இரு தரப்புகளின் பெயர்களான போல்ஷெவிக், மென்ஷெவிக் இரண்டையும் ஒலிபெயர்த்தே எழுதுவோம். பெரும்பான்மையினர், சிறுபான்மையினர் என்று மொழிபெயர்த்தால், 1903 மாநாட்டில் சிலர் வெளிநடப்புச் செய்த பிறகு கிடைத்த பெரும்பான்மையை நிலையானதாக்கிவிடுவோம்.

மிஞ்சுவது விகுதி. ஆங்கிலத்தில் டிராட்ஸ்கியிஸ்ட் என்பது இயல்பான பெயர், டிராட்ஸ்கியைட் என்பது எதிரிகள் ஏளனமாக இட்டது. தமிழில் அந்த வேலையை ‘வாதம்’ செய்கிறது. தீவிரவாதம், பயங்கரவாதம், சந்தர்ப்பவாதம் என்று பழகிய காதில், ஒரே பத்தியில் வரும் ‘மார்க்சியர்’ அறிஞராகவும் ‘டிராட்ஸ்கிவாதி’ காவல் நிலையக் குறிப்பில் இருப்பவராகவும் படுகிறார்கள். ஆள்பெயரைத் தவிர்க்க முடியாத இடங்களில் எல்லோருக்கும் ‘இயம்’ ஒன்றையே கொடுப்போம்: மார்க்சியம், லெனினியம், டிராட்ஸ்கியம், ஸ்டாலினியம். மாவோவில்தான் சிக்கல். ஓகாரத்துக்குப் பின் வகர உடம்படுமெய்தான் வரும் என்பதால் மாவோவியம் என்றாகிறது. அதைப் பிரித்தால் மா + ஓவியம் என்றும் பொருள் படுகிறது. மாவோயியம் என்று விதியை மீறுவதா, பெரிய ஓவியத்தைப் பொறுத்துக்கொள்வதா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன். என் வாக்கு ஓவியத்துக்கே.