தேஜஸா பாண்டியனா? பயணி விரும்பும் நேரம் கணக்கில் வேண்டாமாம்!

மணிக்கூண்டு:
"பயண நேரம், கட்டணம், எத்தனை தடவை வண்டி மாற வேண்டும், இந்த மூன்றும் போதும், பயணி எந்த வண்டியைப் பிடிப்பார் என்று சொல்லிவிடலாம், அவர் போக விரும்பும் நேரமெல்லாம் வெறும் சுமை" என்று நேற்று நெல்லைச்சீமை எழுதியதைப் படித்ததிலிருந்து பொறுக்கவில்லை. தேஜஸ் மதுரையில் பகல் 3 மணிக்குக் கிளம்பி ஆறேகால் மணி நேரத்தில் எழும்பூர் போகிறது. பாண்டியன் ராத்திரி கிளம்பி எட்டு மணி நேரம் போல எடுத்துக்கொள்கிறது. அப்புறம் ஏன் பாண்டியனில் இடம் கிடைப்பதில்லை? காலை 10 மணிக்குச் சென்னையில் வேலை இருப்பவர் தேஜஸில் போனால் லாட்ஜ் வாடகை யார் கொடுப்பது?

நெல்லைச்சீமை:
படுக்கை இருக்கிறது, கட்டணம் குறைவு. அதனால் கூட்டம். நேரம் எங்கே வந்தது?

மணிக்கூண்டு:
அதே படுக்கை, அதே கட்டணம், பகல் 11 மணிக்கு விட்டால் நிரம்புமா? பொருளாதார அறிஞர் கென்னத் ஸ்மால் 1982-லேயே சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வேலைக்குப் போகிறவர்களை வைத்துக் கணக்குப் போட்டார். பயணிக்குத் தரும் தொல்லையில், ஒரு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்வது 0.61 நிமிடப் பயணத்துக்குச் சமம், ஒரு நிமிடம் தாமதம் 2.4 நிமிடத்துக்குச் சமம்.

தடம்ஏழு:
அவர்கள் காரில் போனவர்கள். மதுரை ரயிலுக்கு 2.4 எப்படிங்க வரும்?

மணிக்கூண்டு:
எண்ணை அப்படியே ஒட்டச் சொல்லவில்லை. முன்னதாகப் போவதும் பிந்திப் போவதும் ஒன்றல்ல என்கிறேன். என் அக்கா மகன் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது விடியுமுன் எழும்பூரில் இறங்கி, குழாயடியில் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அலுத்துக்கொள்ளவே இல்லை. பத்து நிமிடம் பிந்தியிருந்தால் வேலை போயிருக்கும்.

நெல்லைச்சீமை:
2.4 என்று எழுதியது நீங்கள்தான், மேலே இருக்கிறது. முன்பதிவுக் கணக்கில் அவர் ஏறிய வண்டிதான் தெரியும், எப்போது போக விரும்பினார் என்பது தெரியாது. தெரியாததை எப்படி, வண்டித் தேர்வைக் கணிக்கும் கணக்கு மாதிரிக்குள் வைப்பீர்கள்?

மணிக்கூண்டு:
கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாளை அரை அரை மணியாகப் பிரித்து, அந்தந்த நேரத்தில் போக விரும்புகிறவர்களாக ஆட்களைப் பரப்பிப் போட வேண்டும். தாம்பரத்தில் இறங்கி மின்ரயில் மாறுவதைப் பற்றிப் போன மாதமும் இப்படித்தான் வாதாடினீர்கள், கடைசி மின்ரயில் போய்விட்டால் அந்த இணைப்பே இல்லை என்று கத்தியும் ஏற்கவில்லை.

நெல்லைச்சீமை:
தாம்பரத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அதில் நான் சொன்னது சரிதான்.

தடம்ஏழு:
இரண்டு பேரும் 2.4-க்குப் பதில் சொல்லவில்லை.

மணிக்கூண்டு:
சொல்லியாகிவிட்டது. தாமதம்தான் அதிகம் வலிக்கும். திரும்பப் படியுங்கள்.