படத் திருட்டுக்குப் போட்ட தடை எங்கள் நாடகத் தளத்தின் மேல் விழுந்திருக்கிறது: யாரிடம் கேட்பது?

கேள்வி: மேலூர் நாடகப்பிரியன்

மேலூர் வட்டாரத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகங்களின் ஒலிப்பதிவுகளையும், அச்சில் இல்லாத பழைய பாட்டுப் புத்தகங்களின் தட்டச்சுப் படிகளையும் நானும் நண்பர்கள் சிலரும் ஒரு சிறிய இணையதளத்தில் சேர்த்து வருகிறோம். அதில் விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. சென்ற வாரத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பிராட்பேண்ட் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எங்கள் தளம் திறப்பதில்லை; அதே வீட்டில் கைப்பேசி இணையத்தில் முயன்றால் திறக்கிறது. திறக்காத இடத்தில், தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து வந்த அறிவுறுத்தலின்படி இம்முகவரி முடக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி தெரிகிறது. எந்த உத்தரவு, எந்தத் தேதி, புகார் கொடுத்தவர் யார் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியவர், "பைரசி லிஸ்ட்டில் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

புதுப்படம் வெளியான அன்றே அதைத் திருடிப் போடும் தளங்களை முடக்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அத்தளங்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு மாலைக்குள் மீண்டும் வந்துவிடுகின்றன. எங்களைப் போன்றவர்கள்தான் வெளியே நிற்கிறோம். எந்த உத்தரவின் கீழ் முடக்கப்பட்டோம் என்பதை அறிய வழி உண்டா? திருட்டைத் தடுக்க ஏற்பட்ட இந்த ஏற்பாடு, நாளை பிடிக்காத எழுத்தையும் இதே போல் மறைக்கப் பயன்படாது என்பதற்கு என்ன உறுதி?

பதில் 1: கூடல்நகர் வழக்கறிஞர்

ஐயா, இந்தியாவில் ஒரு தளம் முடக்கப்படுவதற்குப் பல வழிகள் உள்ளன. எந்த வழி என்று தெரிந்தால்தான் எந்த வாசலில் நிற்பது என்று சொல்ல முடியும்.

முதல் வழி நீதிமன்றத் தடையாணை. படம் வெளிவருவதற்கு முன்பே, இன்னார் என்று தெரியாத எதிர்வாதிகளுக்கு எதிராகத் தயாரிப்பாளர்கள் பெறும் ஆணை இது. 'அசோக்குமார்' என்ற கற்பனைப் பெயரில் எதிர்வாதியைக் குறிப்பிடுவது நம் நீதிமன்றங்களில் வழக்கமாகிவிட்டது. 2012-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்படிப் பெறப்பட்ட ஆணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற காணொளித் தளங்களையே முழுதாக மூடின. சேவை நிறுவனங்களே மீண்டும் நீதிமன்றத்தை அணுகிய பிறகு, படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டுமே தடுக்க வேண்டும் என்று அந்த ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அப்படியும் பாடம் நிலைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் பெறப்பட்ட ஆணைகளின் பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, பழந்தமிழ் நூல் தேடுவோர் நாள்தோறும் நாடும் இணைய ஆவணகமான ஆர்க்கைவ்.ஆர்க். 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம், திருட்டுத்தளம் பெயர் மாற்றி வந்தால் புது வழக்கின்றி அதையும் பட்டியலில் சேர்க்கலாம் என்றது. அதே தீர்ப்பில், திருட்டையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட தளத்தை மற்றவற்றிலிருந்து பிரித்தறியும் அளவுகோல்களையும் வகுத்தது. முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டாம் பாதியைத் தங்களைப் போன்றவர்கள்தான் மேற்கோள் காட்ட வேண்டும்.

இரண்டாவது, 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்தை ஒட்டி வந்த ஏற்பாடு. தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் தணிக்கை வாரியமும் நியமித்துள்ள அதிகாரிகளிடம் உரிமையாளர் புகார் தந்தால், 48 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்கப்படும். விரைவு அதன் பலம். எதிர்த்தரப்பை முன்கூட்டிக் கேட்க இடமில்லாதது அதன் குறை.

மூன்றாவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்கு உரியது இது. பதிப்புரிமை அந்தப் பட்டியலில் இல்லை. தங்கள் அச்சத்துக்கு உண்மையில் இடமுள்ளது இங்கேதான், ஏனென்றால் 2009-ஆம் ஆண்டின் விதிகள் புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாக வைக்கச் சொல்கின்றன. 2015-இல் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை நீக்கியபோதும் 69ஏ-வை நிலைநிறுத்தியது. காரணங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும் என்பதால் ரிட் மனுவில் எதிர்க்க முடியும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று. கைக்கே வராத ஆணையை எப்படி எதிர்ப்பது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முழுதும் முடக்கப்பட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்க மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வழி செய்தது. இப்படி அளவுமீறி முடக்குவதில் நீதிமன்றங்களும் விலக்கல்ல. 2019 ஏப்ரலில் அந்த நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை பிறப்பித்த இடைக்கால ஆணையால் டிக்டாக் செயலி நாடு முழுவதும் பதிவிறக்கக் கடைகளிலிருந்து மறைந்தது. அம்மாதம் 24-ஆம் தேதி அந்த ஆணையை இதே கிளை விலக்கிக்கொண்டது.

செய்ய வேண்டியது: சேவை நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில், ஆணையின் எண்ணையும் தேதியையும் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். தொலைபேசிப் பேச்சுக்கு மதிப்பில்லை.

பதில் 2: வலைப்பின்னல் வேலைக்காரன், திருநகர்

வழக்கறிஞர் சொன்னதற்குத் தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சிறிது சேர்க்கிறேன். குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுக்க வேண்டும் என்ற 2012 விளக்கத்தை இன்று அப்படியே நிறைவேற்ற முடியாது. எச்.டி.டி.பி.எஸ். குறியாக்கம் வந்த பிறகு, பயனர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியும். எந்தப் பக்கத்தைப் படிக்கிறார் என்பது தெரியாது. ஆகவே ஒரு பக்கத்தின் மேல் வந்த ஆணை, நடைமுறையில் முழுத் தளத்தின் மேல் விழுகிறது. ஐ.பி. எண்ணை, அதாவது தளம் இருக்கும் கணினியின் இணைய முகவரி எண்ணை, வைத்துத் தடுத்தால் இன்னும் மோசம்: மதுரையின் பழைய வளவுகளில் ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருப்பது போல, ஒரே எண்ணில் தொடர்பில்லாத நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கலாம். இத்தாலியில் கால்பந்து ஒளிபரப்புத் திருட்டைத் தடுக்க, புகார் வந்த 30 நிமிடங்களில் முடக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. 2024 அக்டோபரில் அது கூகுள் டிரைவின் ஒரு முகவரியையே முடக்கிவிட்டது.

உங்கள் விஷயத்தில் அறிவிப்பு வரி தெரிவது ஒரு நல்ல துப்பு. வெறும் ஐ.பி. முடக்கமாக இருந்தால் பெரும்பாலும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து ஓய்ந்துவிடும். அறிவிப்பு வருவதால் உங்கள் தளத்தின் பெயரே பட்டியலில் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். எப்படி ஏறியிருக்கும் என்பது என் ஊகம்தான். திருட்டுத் தடுப்பு நிறுவனங்கள் படத்தின் பெயரை வைத்துத் தானியங்கி நிரல்களால் வலையைத் துழாவுகின்றன. பவளக்கொடி, வள்ளி திருமணம், அரிச்சந்திரா என்று மேடை நாடகங்களின் பெயரிலேயே திரைப்படங்களும் உண்டு. பெயரையும் பதிவிறக்கப் பொத்தானையும் பார்த்த நிரலுக்கு, உள்ளே இருப்பது படமா, கோயில் திடலில் பாடிய பாட்டா என்பது தெரியாது. டி.என்.எஸ். (தளத்தின் பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தரும் சேவை) அமைப்பை மாற்றி அதே இணைப்பில் முயன்று, திறக்கிறதா என்று திரைப்படிமத்தோடு பதிந்து வையுங்கள்.

பதில் 3: எம்.ஆர். ஏரியா

மேலே எழுதியவர்கள் எல்லோரும் முடக்கத்தின் பிழைகளையே பேசுகிறீர்கள். திருமங்கலத்தில் ஒற்றைத் திரை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். ஒரு படத்தின் வசூலில் பெரும்பகுதி முதல் மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. அந்த மூன்று நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, பிறகு முடக்குவதென்றால், படம் தியேட்டரை விட்டே போயிருக்கும். திரையரங்கில் திருட்டுத்தனமாகப் பதிந்தால், படத்தில் மறைந்திருக்கும் நீர்க்குறியை வைத்து எந்தத் திரை, எந்தக் காட்சி என்று கண்டுபிடித்து எங்களைத்தான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2004-இலேயே வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், சி.டி. விற்றவர் பிடிபட்டார். இன்று தளம் நடத்துபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாது, சூதாட்ட விளம்பரத்தில் அவர் வருமானம் ஓடுகிறது. முடக்கத்தை விட்டால் எங்களுக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கிறது? நாடகப்பிரியன் ஐயா தளத்தில் உண்மையிலேயே ஒரு திரைப்பாடல்கூட இல்லையா என்பதையும் அவர் தெளிவாகச் சொல்லட்டும்.

பதில் 4: கூடல்நகர் வழக்கறிஞர்

எம்.ஆர். ஏரியா அவர்களின் மூன்று நாள் கணக்கை நான் மறுக்கவில்லை. முதலில் முடக்கிப் பிறகு கேட்பதும் சட்டத்துக்குப் புதிதில்லை: பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலேயே, எழுத்தில் புகார் வந்தால், பிறர் பதிவைச் சேமித்துத் தரும் இடைநிலை நிறுவனம் 21 நாள் அணுக்கத்தைத் தடுக்க வேண்டும், அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறக்கலாம் என்ற ஏற்பாடு உள்ளது. அதே போல முடக்கம் ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி இருந்து, ஆணையின் எண்ணை அந்த ஒற்றை வரி அறிவிப்பிலேயே அச்சிட்டு, பட்டியலைப் பொதுவில் வைத்தால், படத்தின் முதல் வாரத்துக்கு எந்தக் கேடும் வராது. கூடல் அழகர் கோயில் தெருவில் ஒரு கடையைப் பூட்டினால்கூடக் கதவில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்.

பதில் 5: மேலூர் நாடகப்பிரியன்

எல்லோருக்கும் நன்றி. எம்.ஆர். ஏரியா அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. இடையிடையே பபூன் வேடக்காரர் மேடையில் பாடும் திரைப்பாடல் மெட்டுகள் சில பதிவுகளில் உள்ளன. படத்திலிருந்து எடுத்த ஒலி எதுவும் இல்லை. அந்த மெட்டுகள் உள்ள பகுதிகளைத் தனியே வைத்துவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் கடிதம் எழுதலாமா, கலைஞர்கள் கையெழுத்திட்டுத் தந்த அனுமதித் தாள்களின் நகலையும் இணைக்கலாமா என்று வழக்கறிஞர் ஐயா சொன்னால் திங்களன்றே அனுப்பிவிடுவேன்.

பதில் 6: கூடல்நகர் வழக்கறிஞர்

இணையுங்கள், நிகழ்த்துகலைஞர் உரிமை 50 ஆண்டு நீடிப்பதால் அத்தாள்கள் தங்களுக்கு மிக முக்கியம். மெட்டுப் பகுதிகளை இப்போதைக்குத் தனியே வையுங்கள். கடிதத்தை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்பி, நகலைத் தொலைத்தொடர்புத் துறைக்கும் அனுப்புங்கள். ஆணையின் எண் கிடைத்தால் இங்கே பதியுங்கள்; நீதிமன்ற ஆணை என்றால், எந்த வழக்கு, எந்தப் படம் என்பதை ஒரு நாளில் கண்டுபிடித்துவிடலாம்.