300 விண்ணப்பம், 4 அழைப்பு: சேலத்திலேயே சேரலாமா?

அம்மாபேட்டையான்:
பெங்களூரில் 6 வருஷம் மேனுவல் டெஸ்டிங் (மென்பொருளைக் கையால ஓட்டிப் பார்த்துப் பிழை பிடிக்கிற வேலை), பேங்க் புராஜெக்ட். மார்ச்சில் பெஞ்சில் போட்டாங்க (புராஜெக்ட் இல்லாம சும்மா உட்கார வெச்சாங்க), அடுத்த மாசமே கையெழுத்து வாங்கி அனுப்பிட்டாங்க. நௌக்ரி, லிங்க்டுஇன்னு 300 இடத்துக்கு மேல் போட்டாச்சு, வந்த அழைப்பு 4. இங்கே சேலத்தில் ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் ஐடி பார்க்கில் ஒரு சின்ன கம்பெனி கூப்பிடுது. பழைய சம்பளத்தில் பாதி. சேரலாமா?

ஓமலூர் எக்ஸ்பிரஸ்:
வேண்டாங்க. அடுத்த எச்ஆர் முதல்ல கேட்கிறதே ‘கரன்ட் சிடிசி (இப்போதைய வருஷச் சம்பளம்) எவ்வளவு?’ன்னுதான். பாதின்னு சொன்னா அதுதான் உங்க விலை. பெங்களூர் போய் நண்பர் ரூமில் தங்கித் தேடுங்க.

கிழங்கு பாயிண்ட்:
எதுக்குங்க? இன்டர்வியூன்னா விடிகாலை 5 மணிக்குச் சேலம் புது பஸ்ஸ்டாண்டில் ஏறினா 10 மணி வாக்கில் பெங்களூர் சில்க் போர்டு. (அதுக்கப்புறம் டிராஃபிக், அவரவர் தலைவிதி.) நானும் 2023ல் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தவன்தான். ஜவ்வரிசி ஆலைக்கு பில்லிங் மென்பொருள். மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்து பாயிண்ட் பார்த்துத்தான் விலை. எங்க புரோகிராம் 28.5 பாயிண்டை 28ன்னு எடுத்துக்கிச்சு. லோடுக்கு லோடு விவசாயிக்கு அடி. அதைப் பிடிச்சது நான். அடுத்த இன்டர்வியூவில் அரை மணி நேரம் இதைத்தான் கேட்டாங்க, சிடிசி கடைசியில்தான் வந்தது.

ஓமலூர் எக்ஸ்பிரஸ்:
உங்களுக்கு அமைஞ்சது, எல்லாருக்கும் அமையுமா? 2025 ஜூலையில் டிசிஎஸ் மட்டுமே சுமார் 12,000 பேரைக் குறைக்கிறதா அறிவிச்சது. அவங்களும் இதே வரிசையில்தான் நிற்கிறாங்க.

ரெஸ்யூம் படிப்பவள்:
ஆள் எடுக்கிற பக்கம் இருக்கிறவ சொல்றேன். ஊரைப் பத்தியே சண்டை போடறீங்க. தம்பி, 300 இடத்துக்கும் போனது ஒரே ரெஸ்யூம்தானே? ‘டெஸ்ட் கேஸ் எழுதினேன், டிஃபெக்ட் போட்டேன்’னு எல்லாரும் எழுதறாங்க. பேங்க் புராஜெக்டில் எந்தப் பிழையைப் பிடிச்சீங்க, அது வெளியே போயிருந்தா யார் பணம் போயிருக்கும்? அதை முதல் வரியில் போடுங்க. பழைய டீம் ஆட்களுக்கு ‘வேலை இருந்தா சொல்லு’ன்னு அனுப்பாதீங்க, குறிப்பிட்ட வேலையோட ஜாப் ஐடியைக் கொடுத்து ரெஃபரல் (அவங்க கம்பெனிக்குள்ளே சிபாரிசு) கேளுங்க. கூடவே பிளேரைட் (டெஸ்டிங்கைத் தானா ஓட்டுற டூல்) பழகுங்க.

ஓமலூர் எக்ஸ்பிரஸ்:
45 நாள் கோர்ஸ் முடிச்ச பசங்க ரெஸ்யூமிலும் அதே பிளேரைட்தான் இருக்கு.

ரெஸ்யூம் படிப்பவள்:
கோர்ஸுக்குக் காசு கட்டச் சொல்லலையே. அது இலவச டூல். பேங்க் கணக்கு எங்கே தப்பும்னு 6 வருஷம் பார்த்த கண் அந்தப் பசங்களுக்குக் கிடையாது.

அம்மாபேட்டையான்:
ஒரே ரெஸ்யூம்தான் அக்கா, ஒத்துக்கறேன். இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். இந்தக் கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாள்) 30 நாள்தானாம். பழைய இடத்தில் 90.

ஓமலூர் எக்ஸ்பிரஸ்:
அட, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன! 90 நாள்னா ஆள் எடுக்கிறவங்க பாதிப் பேர் போனை வெச்சிடுவாங்க. 30ன்னா உள்ளே இருந்துக்கிட்டே தேடலாம். ஆனாலும் பாதிக்குச் சம்மதிக்காதீங்க, கொஞ்சம் ஏத்திக் கேளுங்க. அந்த 30 நாள் ஆஃபர் லெட்டரில் இருக்கா?

அம்மாபேட்டையான்:
வாயாலதான் சொன்னாங்க.

கிழங்கு பாயிண்ட்:
தம்பி!!

அம்மாபேட்டையான்:
நாளைக்குக் காலையில் மெயில் போடறேன் அண்ணே.