கீரை கடைய ஹேண்ட் பிளெண்டர்: எதை வாங்கலாம்?

வணக்கம். நாலு பேர் வீட்டுக்கு ஹேண்ட் பிளெண்டர் ஒன்று வேண்டும். கீரை மசியல், பருப்புக் கடைசல், தக்காளி சூப், மோர் அடிப்பது, இவ்வளவுதான் வேலை. மாவும் தேங்காய்ச் சட்னியும் இதற்குச் சரிப்படாது, அதற்கு மிக்ஸி இருக்கிறது.

தண்டு ஸ்டீலாகத்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்டு என்றால் மஞ்சள் கறை போகாது, கொதிக்கிற பருப்பில் நாளடைவில் வளைந்தும் விடும். கீரைக்கு 300 வாட் போதும். வெந்த கொண்டைக்கடலைக்கு 600 தேவைப்படுமா? வாட் கூடினாலும் பெரும்பாலானவற்றை ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது, மோட்டார் சூடாகிவிடும் (இதைப் பெட்டியில் பொடி எழுத்தில்தான் போடுகிறார்கள்).

முக்கியமாகக் கேட்பது இரண்டு. கழற்றும் தண்டில் மோட்டாரோடு சேரும் பிளாஸ்டிக் கப்ளர் தேய்ந்தால், அதை மட்டும் தனியாக வாங்க முடிகிற மாடல் எது? பிளேடுக்கு மேலுள்ள சீல் வழியாகத் தண்ணீர் ஏறி, கறுப்பு கிரீஸ் சாப்பாட்டில் கசியாத மாடல் எது? பிளேடைச் சுற்றிய குடையில் துளை இல்லாவிட்டால் பாத்திரத்தின் அடியைக் கவ்விப் பிடிக்கும், அப்படிப்பட்டது வேண்டாம்.

ரூ. 2,500க்குள். இரண்டு வருஷமாவது ஓட்டியவர்கள் மாடல் பெயரோடு சொல்லுங்கள்.