சிகாகோ பக்கத்து நேப்பர்வில் வானத்தில் தொங்கியது புனல் மேகமா? பார்த்தால் சொல்லலாமா, வேண்டாமா?

வெண்ணிலவன்:
போன வாரம் மாலை இடிமழை வந்தபோது ரூட் 59 பக்கம் இருந்தவர்கள் சிலராவது இதைப் பார்த்திருப்பீர்கள். மேற்கே கறுத்த மேகத்தின் அடியிலிருந்து கூம்பு மாதிரி ஒன்று இறங்கி, மூன்று நான்கு நிமிடம் அப்படியே நின்றது. தரையைத் தொடவில்லை. எங்கள் பக்கம் அப்போது மழை தொடங்கவில்லை. குளிர்ந்த காற்று மட்டும் திடீரென்று வீசியது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டதும் ஆட்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். "ரோமியோவில் (Romeoville) ஊரில் இருக்கும் சிகாகோ வட்டார வானிலை அலுவலகத்துக்கு உடனே சொல்லியிருக்க வேண்டும்" என்று ஒரு பக்கம். "தெரியாமல் பீதியைக் கிளப்பாதீர்கள்" என்று இன்னொரு பக்கம். அன்றைக்கு எங்களுக்கு இருந்தது கடும் இடிமழை எச்சரிக்கை மட்டும்தான், டொர்னேடோ (மேகத்திலிருந்து தரைவரை சுழலும் சூறைக்காற்று) எச்சரிக்கை இல்லை. அது என்னவாக இருக்கும்? பயிற்சி எதுவும் இல்லாத நாம் இப்படிப் பார்த்தால் சொல்லலாமா?

கார்த்திகைமழை:
மழைக்கு முன்னால் குளிர்காற்று வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதில் இருக்கிறது. மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் பரவி முன்னால் ஓடிவரும். வழியில் இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்றை அது மேலே தள்ளும். மேலே போனது குளிர்ந்து கிழிசல் கிழிசலாக மேகமாகும். ஸ்கட் என்று இதைத்தான் சொல்கிறார்கள். முன்விளிம்பில் தாழ்வாக நீளமாகத் தெரியும் ஷெல்ஃப் மேகத்தின் அடியில் இவை தொங்கும். சில நேரம் கூம்பாகவே இருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சுழலாது. புனல் மேகம், அதாவது தரையைத் தொட்டால் டொர்னேடோ ஆகிவிடும் கூம்பு, என்றால் சுழற்சி இருந்தே ஆக வேண்டும். உங்கள் படத்தில் விளிம்பு பஞ்சு பிய்த்தது போலத் தெரிகிறது, வழவழப்பாக இல்லை. ஸ்கட் என்றே சொல்வேன்.

சொல்லலாமா என்றால், வேண்டாம். கோடையில் ஒவ்வொரு இடிமழைக்கும் இந்த மாதிரி நூறு படம் வரும். எச்சரிக்கை கொடுக்க உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். சுழல்கிறதா என்று பார்க்கத் தெரியாதவர்கள் அனுப்புவது அவருடைய வேலையைக் கூட்டத்தான் செய்யும்.

செங்காந்தள்:
இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நாம் எந்த ஊரில் உட்கார்ந்து பேசுகிறோம்? இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் பிளெய்ன்ஃபீல்ட் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 28, பட்டப்பகல், பிற்பகல் மூன்றரை மணி. ஒரு டொர்னேடோ ஆஸ்விகோ பக்கம் தரையிறங்கி பிளெய்ன்ஃபீல்டை அடித்து ஜோலியட் வரைக்கும் போனது. 29 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் ஆகஸ்ட் மாதத்தில் பதிவான ஒரே எஃப்5 (டொர்னேடோ வலிமை அளவுகோலின் உச்சப் படி) அதுதான். டொர்னேடோ எச்சரிக்கை முன்கூட்டி வரவே இல்லை. "தெரியாதவர்கள் பேசாமல் இருங்கள்" என்று இந்த வட்டாரத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் கண்ணில் பட்டால், பட்ட நிமிடமே சொல்லட்டும். தவறாக இருந்தால் அலுவலகத்துக்குக் கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான்.

கார்த்திகைமழை:
பிளெய்ன்ஃபீல்ட் உங்கள் வாதத்துக்கு எதிரான உதாரணம், செங்காந்தள் அவர்களே. அந்த டொர்னேடோவின் புனலைக் காட்டும் ஒரு புகைப்படம்கூட இதுவரை வந்ததில்லை. கனமழை சுற்றிலும் மூடியிருந்ததால் ஆட்கள் பார்த்தது கறுத்த மழைச் சுவரை மட்டும்தான். போதாததற்கு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நகர்ந்தது. பெரும்பாலானவை தென்மேற்கிலிருந்துதான் வரும். கூம்பு தேடிக்கொண்டு வாசலில் நின்றவருக்கு அன்றைக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அப்போது ரோமியோவிலில் டாப்ளர் ரேடாரும் கிடையாது, பிறகுதான் வந்தது. இப்போது நேப்பர்விலிலிருந்து அது இருபது கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிறது. அதன் கீழ்க்கற்றை நம் தலைக்கு மேல் சில நூறு மீட்டர் உயரத்தில்தான் போகிறது. காற்று ஒரு பக்கம் ரேடாரை நோக்கியும், ஒட்டியே இன்னொரு பக்கம் விலகியும் போவது அதில் தெரியும், சுழற்சிக்கு அடையாளம் அதுதான். நம் கைப்பேசிப் படம் அதற்கு மேல் என்ன சொல்லிவிடும்?

குறிஞ்சிப்பாட்டன்:
நான் ஸ்கைவார்ன் பயிற்சி எடுத்தவன், கடும் வானிலையைக் கண்ணால் பார்த்துத் தகவல் சொல்லும் தன்னார்வலர்களுக்கானது. தேசிய வானிலைச் சேவை இலவசமாக நடத்துவது, வசந்த காலத்தில் ஒரு மாலைப் பொழுது போதும், இணையத்திலும் உண்டு. கார்த்திகைமழை ஸ்கட் பற்றிச் சொன்னது சரி. ரேடார் பற்றிச் சொன்னது பாதிதான் சரி.

ரேடார் எல்லா உயரத்தையும் ஒரு சுற்று பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் வரை ஆகும். நடுவில் அடிமட்டத்தை மட்டும் கூடுதலாகப் பார்க்க வைக்கிறார்கள். அப்படியும் ஒரு பார்வைக்கும் அடுத்ததற்கும் ஒன்றிரண்டு நிமிடம் இடைவெளி விழும். இங்கே கோடையில் வருவது பெரும்பாலும் நீளமான இடிமழைக் கோடுகள். அவற்றின் முன்விளிம்பில் உண்டாகும் டொர்னேடோ இரண்டு மூன்று நிமிடத்தில் வந்து போய்விடும். 2024 ஜூலை 15 இரவு சிகாகோ அலுவலகத்தின் எல்லைக்குள் மட்டும் 32 டொர்னேடோ பதிவானது அப்படிப்பட்ட ஒரு கோட்டில்தான். சுழற்சி ரேடாரில் தெரிந்தாலும் அது தரையைத் தொட்டதா என்று ரேடார் நேரடியாகச் சொல்லாது. பெயர்ந்த கூரையும் இலைதழையும் மேலே பறந்த பிறகுதான் அது பிடிபடும். தரையில் நிற்கும் ஒரு மனிதர் அதற்கு முன்பே சொல்ல முடியும். நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தால் டொர்னேடோ எச்சரிக்கைகளில் பத்துக்கு ஏழு போல டொர்னேடோ இல்லாமலே முடிகின்றன. அதைக் குறைக்க வழி தரைத் தகவல்தான்.

இன்னொன்று. நமக்கு ரேடார் பக்கத்தில் இருக்கிறது, எல்லோருக்கும் அப்படி இல்லை. ரொஷெல் பக்கம் போனால் அதே கற்றை தரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும். 2015 ஏப்ரல் 9 அன்று ரொஷெலையும் ஃபேர்டேலையும் அடித்த இஎஃப்4 (எஃப் அளவுகோலின் இப்போதைய வடிவம் இஎஃப்) டொர்னேடோ தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தது, நிறைய பேர் படம் எடுத்தார்கள். கண்ணால் பார்ப்பது எந்த நாளில் உதவும், எந்த நாளில் உதவாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தாமிரபரணி:
நான் செங்காந்தள் பக்கம். ஊரில் புயல் என்றால் நாள்கணக்கில் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், ரேடியோவில் திரும்பத் திரும்ப வரும், மளிகை வாங்கி வைக்க நேரம் இருக்கும். இங்கே எச்சரிக்கைக்கும் டொர்னேடோ வந்து அடிப்பதற்கும் நடுவில் கிடைப்பது சராசரியாகப் பத்து நிமிடத்தை ஒட்டித்தான். கோடையில் நம்மில் பலர் வீட்டில் ஊரிலிருந்து வந்த பெற்றோர் பகலில் தனியாக இருக்கிறார்கள். சைரன் கேட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்கு யார் சொல்வது? என் மாமியார் மழை பார்க்க நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்! அங்கே கோடை மழை என்றால் சந்தோஷம், வாசலுக்கு வருவதுதான் பழக்கம். குழுவில் யாராவது "மேற்கே ஏதோ தெரிகிறது" என்று போட்டால் நான் அலுவலகத்திலிருந்தே போன் செய்து கீழே போகச் சொல்லலாம்.

கார்த்திகைமழை:
குழுவில் போடுவதுதான் என் பெரிய பயம், தாமிரபரணி. எங்கள் குழுவில் "டொர்னேடோ வருகிறது" என்று ஒருவர் படம் போட்டார். என்ன நடந்தது தெரியுமா? பத்துப் பேர் அதைப் பார்க்க வெளியே போனார்கள். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மின்னல் வெட்டும்போது, குழந்தைகளோடு. அது ஸ்கட். ஆனால் மின்னல் உண்மையானது. மழை பெய்யும் இடத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக்கூட அது விழும். "நீங்களும் பாருங்கள், சொல்லுங்கள்" என்று ஊக்கப்படுத்தினால் ஆட்கள் பாதுகாப்பான இடத்தை விட்டு வெளியே வருகிறார்கள்.

அனுபவம் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் இறந்த டிம் சமராஸ் டொர்னேடோ ஆராய்ச்சியில் பல ஆண்டுகள் இருந்தவர், எச்சரிக்கையானவர் என்று பெயர் எடுத்தவர். அவர், மகன் பால், சக ஆராய்ச்சியாளர் கார்ல் யங் மூவரும் இறந்தார்கள். அந்த டொர்னேடோ நான்கு கிலோமீட்டருக்கு மேல் அகலம், திடீரென்று திசையையும் வேகத்தையும் மாற்றியது.

வெண்ணிலவன்:
நான் தொடங்கியது பெரிதாகப் போய்விட்டது. வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். எதிரே ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது, அதை வைத்துப் பார்த்தால் அந்தத் துண்டு மொத்தமாக வலப்பக்கம் நகர்கிறது, கொஞ்சம் மேலேயும் ஏறுகிறது. சுழல்வது போல எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஓர் இடத்தில் அடிப்பகுதி மட்டும் மடங்குகிறது. அதுதான் உறுத்துகிறது.

குறிஞ்சிப்பாட்டன்:
நகராத ஒரு பொருளை வைத்து ஒன்றிரண்டு நிமிடம் பார்ப்பதைத்தான் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவார்கள். காற்றின் வேகம் உயரத்துக்கு உயரம் மாறுவதால் மேகத்துண்டு மடங்கும், புரளும். சுழற்சி என்றால் ஒரு செங்குத்து அச்சைச் சுற்றி விடாமல் நடக்க வேண்டும். ஒரு பக்கம் உங்களை நோக்கி வந்தால் மறுபக்கம் விலக வேண்டும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கும் ஸ்கட் என்றே படுகிறது.

எங்கே தொங்கியது என்பதும் முக்கியம். தனித்து நின்று சுழலும் பெரிய இடிமேகமாக இருந்தால், பெரும்பாலும் அதன் தென்மேற்குப் பக்கம், மழை விழாத அடித்தளத்தின் கீழ் சுவர் மேகம் என்று சொல்லும் தாழ்வான மேகத்திட்டு இறங்கும். புனல் அங்கிருந்து வரும். உங்களுடையது மழைக்கு முன்னால் ஓடிய விளிம்பில் இருந்தது. கோடாக வரும் மழையில் அந்த விளிம்பிலும் டொர்னேடோ வரலாம் என்பதால் இடத்தை வைத்து மட்டும் தள்ளிவிடக் கூடாது. அதே மாதிரி, புனல் தரையைத் தொடவில்லை என்று நிம்மதி அடையவும் கூடாது. மேகமாகத் தெரியும் பகுதி பாதியில் நின்றாலும் அதற்குக் கீழே காற்று தரைவரை சுழன்றுகொண்டிருக்கலாம். அந்த இடத்தில் தரையில் தூசி எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

செங்காந்தள்:
இத்தனையும் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றால் பகலில், திறந்த வெளியில் நிற்பவரால்தான் முடியும். 2021 ஜூன் 20 அன்று வுட்ரிட்ஜிலும் நம் ஊரிலும் இஎஃப்3 அடித்தபோது இரவு பதினொரு மணி. அதனால்தான் கேட்கிறேன், பகலில் கண்ணுக்குக் கிடைக்கும் சில நிமிடத்தையும் "நீ நிபுணன் இல்லை" என்று சொல்லி ஏன் வீணாக்க வேண்டும்?

கார்த்திகைமழை:
இரவில் காப்பாற்றியது யார்? ரேடாரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். நான் அவரை நம்புங்கள் என்கிறேன்.

குறிஞ்சிப்பாட்டன்:
அவரே நம்மிடம் தகவல் கேட்கிறாரே. பயிற்சி பெற்றவர் மட்டும் அனுப்புங்கள் என்று அந்த அலுவலகம் சொல்வதில்லை. பொதுமக்களிடமிருந்தும் வாங்குகிறார்கள், ரேடாரோடு ஒப்பிட்டு எதை எடுக்கலாம் என்று அவர்களே முடிவு செய்வார்கள். மேகத்துக்குப் பெயர் வைக்கும் வேலையை மட்டும் அவர்களிடம் விட்டுவிடுங்கள். வெண்ணிலவன் அன்றைக்கு இப்படி எழுதியிருக்கலாம்: "ரூட் 59, 95ஆம் தெரு சந்திப்பில் நிற்கிறேன். நேர் மேற்கே, மழைக்கு முன்னால், மேகத்தின் அடியில் கூம்பு வடிவத் துண்டு. பாதி உயரம்கூட இறங்கவில்லை. சுழற்சி தெரியவில்லை. வடக்கே நகர்கிறது. நேரம் இது." படம் இருந்தால் கூடவே. எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று சொல்லாத படத்தால் அவர்களுக்குப் பயனே இல்லை. இதையும் வீட்டுக்குள் ஜன்னல் ஓரமாக நின்று பார்த்த அளவில் எழுதினால் போதும். டொர்னேடோ எச்சரிக்கை வந்துவிட்டால் அதுவும் வேண்டாம், கீழே போங்கள்.

கார்த்திகைமழை:
"சுழற்சி தெரியவில்லை" என்ற வரி இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதற்கு மட்டும் இன்னும் ஆட்சேபம்தான்.

தாமிரபரணி:
படம் வேண்டாம், சரி. "எல்லோரும் உள்ளே போங்கள், பெற்றோருக்குப் போன் செய்யுங்கள்" என்று ஒரு வரி போடுவேன். அதில் நான் மாறப்போவதில்லை. எங்களுடையது டவுன்ஹவுஸ், பேஸ்மென்ட் கிடையாது. யாராவது சொல்லுங்கள், அவர்களை எங்கே உட்காரச் சொல்வது?

குறிஞ்சிப்பாட்டன்:
கீழ்த்தளம், வீட்டின் நடுப்பகுதி, ஜன்னல் இல்லாத இடம். கீழே இருக்கும் குளியலறை, மாடிப்படிக்கு அடியில் உள்ள அறை, துணி அலமாரி அறை, இதில் எது இருக்கிறதோ அது. காராஜ் கூடாது, அந்தப் பெரிய கதவுதான் முதலில் போகும். தலையை மூட கனமான போர்வையும், காலுக்குச் செருப்புக்குப் பதில் ஷூவும் அங்கேயே வைத்துவிடுங்கள். வெளியில் கேட்கும் சைரனை நம்ப வேண்டாம், அது வெளியே இருப்பவர்களுக்காக வைத்தது. ஜன்னல் சாத்தி ஏசி ஓடினால் உள்ளே கேட்காமல் போகலாம். என்ஓஏஏ (அமெரிக்க அரசின் கடல், வானிலை நிறுவனம்) வானிலை ரேடியோ ஒன்று வாங்கி வைத்தால் நள்ளிரவிலும் தானாகவே அலறி எழுப்பிவிடும்.

தாமிரபரணி:
அந்த ரேடியோவில் ஆங்கிலம்தானே வரும்? மாமியாருக்குப் புரியாதே.

செங்காந்தள்:
சத்தம் ஒன்றே போதும். என் அம்மாவுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்: அது அலறினால் அடுப்பை அணைத்துவிட்டுப் படிக்கட்டு அறைக்குள் போக வேண்டும், உள்ளே போன பிறகு எனக்குப் போன். சிகாகோ வட்டாரத்தில் மாதத்தின் முதல் செவ்வாய் காலை பத்து மணிக்கு சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள் இல்லையா, வானம் தெளிவாக இருக்கும் செவ்வாய்களில் அதையே ஒத்திகையாக வைத்துக்கொண்டோம்.